கம்பி எடுக்கும் நாள்

முதலில் கெடுதல் செய்தவர் இன்னாசிமுத்து. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கதையைக் கேட்டு முடித்தவர்கள் எல்லாரும் கம்பியைத்தான் குறை சொல்கிறார்கள். கம்பி தானாக எந்த மரத்தின் மேலும் ஏறிச் சுற்றிக்கொள்ளாது.

ஒரு மலை ஊரில், ஏரிக்குப் போகும் பாதையில், இன்னாசிமுத்துவின் நர்சரி இருந்தது. முன்பக்கம் ரோஜாவும் ஜெரேனியமும் விற்பனைக்கு. பின்பக்கம், வெயில் நன்றாக விழும் இடத்தில், ஒரு நீளப் பலகை. அதன் மேல் பதினோரு போன்சாய் மரங்கள். அவை விற்பனைக்கு இல்லை. வருஷா வருஷம் மே மாதம் அந்த ஊரில் மலர்க் கண்காட்சி நடக்கும். அதற்காக அவற்றை வளர்த்தார்.

அந்தப் பலகையில் ஒரு ஜூனிபர், குளிர்மலைகளில் வளரும் ஊசியிலை மரம், இருந்தது. வயது பதினேழு. உயரம் இரண்டு சாண். அதற்கு ஐந்து கிளைகள். நான்கு கிளைகள் சொன்ன இடத்தில் நின்றன. இடது பக்கம், எல்லாவற்றுக்கும் கீழே இருந்த கிளை மட்டும் மேல்நோக்கி வளர்ந்தது. வெயில் மேலே இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் காலை இன்னாசிமுத்து அந்தத் தொட்டியைத் தூக்கி மேஜை மேல் வைத்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜெபமாலை, இங்க வா. இந்தக் கீழ்க்கிளையைப் பாரு. கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்துற மாதிரி நிக்குது.”

அவர் மனைவி ஜெபமாலை ரோஜாவுக்கு எரு போட்டுக்கொண்டிருந்தவள், கையில் ஒட்டியதைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

“நிக்கட்டுமே. அதனால என்ன?”

“கண்காட்சி ஜட்ஜுக்குப் பிடிக்காது. பனிமலையில இருக்கிற கிழட்டு மரத்துக்கெல்லாம் கீழ்க்கிளை தொங்கித்தான் இருக்கும். வருஷக்கணக்கா அது மேல பனிக்கட்டி விழுந்து, பாரத்துல இறங்கிடும்.”

“நம்ம ஊர்ல எங்கங்க பனிக்கட்டி விழுது?”

“விழுந்த மாதிரி இருக்கணும்.”

அந்த ஊரில் மார்கழியில் புல் மேல் உறைபனி படியும். எட்டு மணி வெயிலில் அதுவும் போய்விடும். ஒரு கிளையை வளைக்கிற பனி அங்கே எப்போதும் பெய்ததில்லை. பெய்யாத பனிக்காகக் கீழ்க்கிளை வளைய வேண்டியதாயிற்று.

இன்னாசிமுத்து வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிளையின் மேல் இறுக்கமாகச் சுற்றினார். அதன் மேல் பழுப்பு நிற அலுமினியக் கம்பியைச் சுற்றினார். மொத்தம் ஏழு சுற்று.

“பயப்படாத தம்பி,” என்றது கம்பி. “நான் கெட்டவன் இல்ல. வேலைக்கு வந்திருக்கேன்.”

“என்ன வேலை?” என்று கேட்டது கீழ்க்கிளை.

“உன்னைக் கீழ பாக்க வைக்கிறது.”

“நான் மேல பாத்துக்கிட்டு இருக்கேனே.”

“அதான் வேலை.”

இன்னாசிமுத்து இரண்டு கட்டைவிரலையும் கிளைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, மற்ற விரல்களால் மெதுவாக அழுத்தினார். உள்ளே எங்கேயோ நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் கொஞ்சம் நிறுத்தினார். மறுபடி அழுத்தினார். கிளை கீழே இறங்கி நின்றது.

“வலிக்குதா?” என்றது கம்பி.

“வலிக்குது.”

“முதல் வாரம் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“ரெண்டாவது வாரம்?”

“சொல்லமாட்டாங்க.”

இன்னாசிமுத்துவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏரிக்கரைக் கடையில் ஐஸ் குச்சிகளைக் கட்டாக வாங்கி வைத்திருப்பார். எந்த மரத்துக்குக் கம்பி கட்டினாலும் ஒரு குச்சியில் ஒரு பக்கம் கட்டிய தேதி, மறுபக்கம் எடுக்க வேண்டிய தேதி எழுதித் தொட்டியில் குத்திவைப்பார். எடுத்த பிறகு பக்கத்தில் ஒரு டிக் போடுவார். மரத்தின் பெயரைக் குச்சியில் எழுதமாட்டார். மரம்தான் பக்கத்திலேயே நிற்கிறதே, பெயர் எதற்கு என்பார்.

அன்றும் ஒரு குச்சியை எடுத்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

“நவம்பர் முப்பது. அந்திரேயா திருநாள். மறக்காது.” பிறகு கிளையைப் பார்த்து, “நவம்பர் முப்பது எடுத்துடறேன், என்ன?” என்றார்.

மரத்தோடு பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். கிளையால் அப்படிப் போக முடியாது. அது அந்த வார்த்தையை வைத்துக்கொண்டது.

மழைக்காலம் வந்தது. கிளை தினமும் குச்சியைக் கேட்டது.

“இன்னும் எத்தனை நாள்?”

“எனக்கு எண்ணத் தெரியாது,” என்றது குச்சி. “எம்மேல எழுதியிருக்கிறதை மட்டும்தான் சொல்லுவேன். நவம்பர் முப்பது.”

“இன்னைக்கு என்ன தேதி?”

“அது எம்மேல எழுதலை.”

கம்பி சிரித்தது. “விடு தம்பி. அவன் ஆபீஸ்காரன் மாதிரி. நான் சொல்றேன் கேளு. இன்னும் நாலு மாசம். நீ நல்லா பழகிட்ட. நவம்பர்ல என்னை எடுத்தாலும் நீ இப்படியேதான் நிப்ப.”

“என்னை ஏமாத்தாத.”

“நான் எதுக்கு ஏமாத்தணும்? எனக்கும் இங்க குடியிருக்க ஆசையா? நானும் போகணும். மழையில நனைஞ்சு நனைஞ்சு எனக்கே அலுத்துப்போச்சு.”

அது பொய் இல்லை. கம்பிக்கும் நவம்பர் முப்பது வேண்டியிருந்தது.

அக்டோபரில் கண்காட்சிக்கு விண்ணப்பம் வந்தது. விண்ணப்பத்தோடு மரத்தின் படமும் வேண்டும் என்று போட்டிருந்தது. இன்னாசிமுத்து எல்லா மரத்தையும் படம் எடுக்க முடிவுசெய்தார். படத்தில் ஐஸ் குச்சி தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று பதினோரு குச்சிகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படம் எடுத்தார். முடிந்ததும் குச்சிகளை எடுத்து, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு தொட்டியிலும் குத்திக்கொண்டே போனார். அவருக்குத் தன் ஞாபகத்தின் மேல் நல்ல மரியாதை இருந்தது.

அவர் போன பிறகு கீழ்க்கிளை குச்சியைப் பார்த்தது.

“நீ யாரு?”

“குச்சி.”

“என் குச்சி இல்லையே நீ.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. எம்மேல மார்ச் பத்துன்னு எழுதியிருக்கு. பக்கத்துல டிக் போட்டிருக்கு. அப்படின்னா உனக்குக் கம்பி எடுத்தாச்சு.”

“எடுக்கலையே. இந்தா, எம்மேலயே இருக்கு.”

“எடுத்தாச்சு.”

கம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “டேய், நான் உயிரோட இங்க இருக்கேன். கண்ணைத் திறந்து பாரு.”

“நீ இல்ல,” என்றது குச்சி. “எழுதியிருக்கு.”

பக்கத்துத் தொட்டியில் ஒரு இச்சிமரம் இருந்தது. அதற்கு மார்ச் மாதமே கம்பி எடுத்தாகிவிட்டது. அது மெதுவாகக் கூப்பிட்டது.

“ஜூனிபரே, உன் குச்சி என்கிட்ட வந்து நிக்குது. நவம்பர் முப்பதுன்னு போட்டிருக்கு. எனக்கு ஏது கம்பி?”

“அவர்கிட்ட சொல்லேன்.”

“எப்படிச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இலையை உதிர்ப்பேன். உதிர்த்தா வந்து என்னன்னு பாப்பாரு. பாக்கும்போது குச்சி கண்ணுல படும்.”

இச்சி நல்ல மனசுக்காரி. மறுநாளே பச்சையாக இருந்த நாலு இலைகளை உதிர்த்தது. இன்னாசிமுத்து வந்து பார்த்தார். “தண்ணி ஜாஸ்தியாப் போச்சு,” என்று சொல்லி அதற்கு எட்டு நாள் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போனார். அதன் பிறகு இச்சி இலை உதிர்க்கவில்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

நவம்பர் முப்பது வந்தது. அன்று காலை இன்னாசிமுத்து பூசைக்குப் போய்விட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நேராகப் பலகைக்கு வந்தார். ஒவ்வொரு குச்சியாகப் படித்துக்கொண்டே வந்தார். இச்சியிடம் வந்ததும் நின்றார்.

“நவம்பர் முப்பது. ம், இன்னைக்குத்தான்.”

இச்சியை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். கம்பி இல்லை. தலையைச் சொறிந்தார்.

“எப்பவோ எடுத்துட்டேன்போல. வயசாச்சு, மறந்துபோகுது,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பேனாவை எடுத்து அந்தக் குச்சியில் ஒரு டிக் போட்டார்.

அடுத்தது ஜூனிபர். குச்சியைப் பார்த்தார். மார்ச் பத்து. டிக்.

“இது முடிஞ்சது.”

கீழ்க்கிளை தன் பலம் முழுவதையும் சேர்த்து ஆடியது. அன்று காற்று இருந்தது. எல்லா மரமும் ஆடியது.

அவர் கிளையைப் பார்க்கவே இல்லையா என்று கேட்கலாம். பார்த்தார். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர் எப்படிப் பார்க்காமல் இருப்பார்? கம்பியும் பழுப்பு, பட்டையும் பழுப்பு. மேலே பச்சை அடர்த்தியாக மூடியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அவர் கண்ணைவிடக் குச்சியை அதிகமாக நம்புகிறவர். குச்சி அவரே எழுதியது.

அன்றிலிருந்து, எழுத்தளவில், கீழ்க்கிளைக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

குளிர்காலத்தில் மரங்கள் அதிகம் வளராது. அதனால் மாசி வரை பெரிய கஷ்டம் இல்லை. பங்குனியில் வெயில் ஏறியதும் கிளை பருக்க ஆரம்பித்தது.

“இறுக்குற,” என்றது கிளை.

“நான் இறுக்கலை,” என்றது கம்பி. “கட்டின அன்னைக்கு எவ்வளவு இருந்தேனோ அவ்வளவுதான் இருக்கேன். நீதான் பெருத்துட்ட.”

“அப்ப வளர்ந்தது என் தப்பா?”

“தப்புன்னு சொல்லலை. எனக்கு இளகத் தெரியாது. உனக்கு வளராம நிக்கத் தெரியாது. நம்ம ரெண்டு பேரையும் கட்டிவெச்சவர்தான் வரணும்.”

“அவருக்கு நான் முடிஞ்சுபோன மரம்.”

“எனக்கு மட்டும் என்ன? நான் இல்லவே இல்லைங்கிறான் அந்தக் குச்சி.”

சுவரில் ஒரு ஆணியில் கம்பி வெட்டும் கட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“இதெல்லாம் ஒரு வேலையா?” என்றது கட்டர். “ஒவ்வொரு சுத்துலயும் ஒரு வெட்டு. துண்டு துண்டா விழுந்துடும். பட்டையில ஒரு கீறல் இருக்காது. அஞ்சு நிமிஷம். என்னைக் கூப்பிடு.”

“எப்படிக் கூப்பிடறது?”

“அது எனக்குத் தெரியாது. நான் தொங்கிக்கிட்டு இருக்கேன்.”

சித்திரையில் பட்டை கம்பியின் இரண்டு பக்கமும் மேடாக எழும்பியது. வைகாசி பிறப்பதற்குள் சில இடங்களில் கம்பியின் மேலேயே மூடிக்கொண்டது.

“தம்பி,” என்றது கம்பி. குரல் உள்ளேயிருந்து வந்தது. “இப்ப யாரு யாரைப் பிடிச்சுவெச்சிருக்கான்னு எனக்கே தெரியலை.”

“நான் உன்னைப் பிடிக்கலை.”

“தெரியும். ஆனா போக முடியலை.”

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தது. ஜெபமாலை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஜூனிபரின் அடிமரத்தில் இருந்த பாசியைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பிரஷ் எதிலோ பட்டு உரசியது. அவள் பச்சையை விலக்கிப் பார்த்தாள்.

“ஏங்க, இந்தக் கிளையில கம்பி இருக்கு.”

“இருக்காது. குச்சியைப் பாரு.”

“குச்சியை நீங்களே பாத்துக்குங்க. நான் கிளையைப் பாக்குறேன். வாங்க இங்க.”

இன்னாசிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

“உள்ள போயிருச்சு,” என்றார்.

“கட்டரை எடுக்கவா?”

“வேணாம். நாலு எம்எம் கம்பி. கோயமுத்தூர்லேருந்து வரவழைச்சது. வெட்டினா துண்டாப் போயிடும், எதுக்கும் ஆகாது. அப்படியே பிரிச்சு எடுத்துடலாம்.”

“பட்டை பேந்துடும்ங்க. வெட்டிடுங்க.”

“முப்பது வருஷமா நான் செய்யறேன். நீ ரோஜாவைப் பாரு.”

கட்டர் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கம்பியின் நுனியைக் குறடால் பிடித்து, சுற்றியதற்கு எதிர்த்திசையில் திருப்ப ஆரம்பித்தார்.

“தம்பி,” என்றது கம்பி, “நான் இப்படிப் போறேன்னு சொல்லலை. என்னைத் தப்பா நினைக்காத.”

ஏழு சுற்றில் ஆறு சுற்றுக்குப் பட்டையும் கூடவே வந்தது. மேஜை மேல் கம்பிச் சுருள் கிடந்தது. அதன் மேல் ஈரமான பட்டை கீற்றுக் கீற்றாக ஒட்டியிருந்தது. ஜெபமாலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

“செத்துரும்ங்க.”

“எங்க சாகுது? பச்சையா இருக்கு பாரு. பச்சையா இருக்கிறது எப்படிச் சாகும்?”

இங்கே ஜூனிபரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற மரத்தில் கிளை செத்தால் மறுநாளே இலை தொங்கிவிடும். ஜூனிபர் அப்படி இல்லை. செத்த பிறகும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பச்சையாகவே நிற்கும். அது செத்துப்போனது அதற்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் மேற்கிளை கேட்டது. “எப்படி இருக்க?”

“தண்ணி வரலை.”

“பச்சையா இருக்கியே.”

“அது பழைய தண்ணி.”

கண்காட்சியில் ஜூனிபரை வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்தார்கள். நடுவராக வந்தவர் நாச்சியப்பன் என்ற, மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கீழ்க்கிளையையே பார்த்தார்.

“அடடா. இந்த ஒரு கிளை போதும்யா. பனிமலையில நிக்கிற மரத்தைப் பாத்த மாதிரியே இருக்கு. என்ன உயிரோட்டம் பாருங்க!”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்,” என்றார் இன்னாசிமுத்து.

ஜூனிபருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். செத்து இரண்டு நாள் ஆன கிளை நடுவில் நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டது.

ஜூலையில் அது பழுப்பாகியது. தொட்டால் உதிர்ந்தது. இன்னாசிமுத்து கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். வருத்தப்படவில்லை என்று சொல்ல முடியாது. வருத்தப்பட்டார். ஆனால் கிளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் ஜூனில் கம்பி கட்டும்போது பேசியவர்தான். இப்போது பேசத் தெரியவில்லை.

போன்சாயில் வெளுத்த செத்த கிளைக்கும் மதிப்பு உண்டு என்பது ஞாபகம் வந்து, கத்தியை எடுத்து மீதிப் பட்டையையும் சீவினார். உப்புத்தாளால் தேய்த்தார். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைப் பிரஷ்ஷால் பூசினார். அழுகிய முட்டை நாற்றம் இரண்டு நாள் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் கிளை எலும்பு மாதிரி வெள்ளையாகிவிட்டது. கம்பி அழுத்திய தடம் ஏழு சுற்றாகக் கட்டையில் அழகாகத் தெரிந்தது.

அடுத்த மே மாதம் ஜூனிபருக்கு முதல் பரிசு.

“இந்த வெள்ளைக் கிளைதான் மரத்துக்கே தலை,” என்றார் நாச்சியப்பன். “போன வருஷம் பச்சையா இருந்ததே. எப்படி ஆச்சு?”

இன்னாசிமுத்து ஒரு நொடி யோசித்தார்.

“மின்னல் சார்.”

“மின்னலா!”

“ஐப்பசி மழையில ஒரே ஒரு கீத்து. இந்தக் கிளையை மட்டும் தொட்டுட்டுப் போயிடுச்சு. பாருங்க, சுத்திச் சுத்தி இறங்கின தடம்கூட இருக்கு.”

நாச்சியப்பன் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, இயற்கைக்கு மிஞ்சின சிற்பி யார் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஜெபமாலை ஜெரேனியம் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் கேட்டாள்.

“மின்னலா?”

“வேற என்ன சொல்லச் சொல்ற?”

“தேதி தப்பிப்போச்சுன்னு சொல்லியிருக்கலாம்.”

“அதுக்கு யாரு பரிசு குடுப்பா?”

தொட்டி அவர் மடியில் இருந்தது. கீழ்க்கிளை அவர் சட்டைப் பித்தானில் உரசிக்கொண்டே வந்தது.

அந்த வாரமே கோடை மழை வந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். எதிர்மேட்டில் இருந்த ஒரு யூகலிப்டஸ் மரத்தில் இடி விழுந்து மரம் இரண்டாகப் பிளந்தது. விழுந்த மின்னல் திரும்பும் வழியில் பலகைப் பக்கம் எட்டிப் பார்த்தது.

“இங்க யாரோ எம்பேரைச் சொல்லிக்கிட்டு இருக்காங்களாமே?”

“என்னைப் பத்தித்தான்,” என்றது கீழ்க்கிளை. “நீ தொட்டு நான் இப்படி ஆனேனாம்.”

மின்னல் குனிந்து, ஏழு சுற்றுத் தடத்தைப் பார்த்தது.

“நான் தொட்டிருந்தா நீயும் இருக்கமாட்ட, தொட்டியும் இருக்காது, அந்தப் பலகையும் இருக்காது. அங்க பாரு, மேட்டுல. அதுதான் என் வேலை. இப்படிப் பொறுமையா ஏழு சுத்து சுத்தி, நாள் குறிச்சு, பதினோரு மாசம் வெச்சிருந்து செய்யறதெல்லாம் எனக்கு வராது. அதுக்குப் படிச்சிருக்கணும்.”

“அவர்கிட்ட சொல்லு. நீ செய்யலைன்னு.”

“நான் வாயைத் திறந்தா அவர் காதைப் பொத்திக்கிட்டு சிலுவை போட்டுக்குவாரு. எங்க கேக்கப்போறாரு?” என்று சொல்லிவிட்டு மின்னல் போய்விட்டது.

வீட்டுக்குள் இன்னாசிமுத்து காதைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

நர்சரிக்கு வருகிறவர்களிடமும் அதன் பிறகு மின்னல் கதைதான். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் ஐப்பசி மழை மட்டும் இருந்தது. பிறகு அவர் ஜன்னல் வழியாகத் தன் கண்ணால் பார்த்ததும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் கீழ்க்கிளை கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டது பெரிய விஷயம் இல்லை. பட்டையைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. பச்சையைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. நவம்பர் முப்பது எடுத்துடறேன் என்று சொன்னவர், எடுக்கவில்லை என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். யாரிடமும் வேண்டாம். தண்ணீர் ஊற்றும்போது கிளையிடம் சொன்னால் போதும்.

தினமும் காலையில் அது இச்சியைக் கேட்கும்.

“என் குச்சி இருக்கா?”

“இருக்கு.”

“தேதி?”

“நல்லாத் தெரியுது. நவம்பர் முப்பது. பக்கத்துல டிக்கும் இருக்கு.”

ஜூன் வந்தது. முதல் பரிசு வாங்கிய மரத்தை அப்படியே விட இன்னாசிமுத்துவுக்கு மனம் வரவில்லை. தொட்டியை மேஜை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேற்கிளை கொஞ்சம் நிமிர்ந்திருப்பதாகப் பட்டது.

“ஜெபமாலை, அந்தப் பழைய கம்பி எங்க? நாலு எம்எம்.”

“பரண்ல இருக்கு. புதுசு வாங்குங்களேன்.”

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு. நல்ல வேளை, அன்னைக்கு வெட்டலை.”

கம்பியைச் சுத்தியலால் தட்டி நேராக்கினார். அங்கங்கே ஒட்டியிருந்த காய்ந்த பட்டையைச் சுரண்டிப் போட்டார். நாரைச் சுற்றினார். கம்பியைச் சுற்றினார்.

“பயப்படாத தம்பி,” என்று கம்பி ஆரம்பித்தது. “நான் கெட்டவன் இல்ல. வேலைக்கு...”

கீழே வெள்ளைக் கிளை கண்ணில் பட்டதும் அது பேச்சை நிறுத்தியது.

“நீ இன்னும் இங்கதான் இருக்கியா?” என்றது.

“எங்க போறது?” என்றது கீழ்க்கிளை.

இன்னாசிமுத்து இரண்டு கட்டைவிரலையும் முட்டுக் கொடுத்து மேற்கிளையை அழுத்தினார். வளைந்தது. ஒரு புதுக் குச்சியை எடுத்து எழுதித் தொட்டியில் குத்தினார்.

“நவம்பர் முப்பது. அந்திரேயா திருநாள்,” என்றார். பிறகு மேற்கிளையைப் பார்த்து, “எடுத்துடறேன், என்ன?” என்றார். கீழ்க்கிளையின் மேல் இருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

மேற்கிளைக்கு வலித்தது. ஆனாலும் தேதி சொல்லிவிட்டதில் அதற்குக் கொஞ்சம் ஆறுதல். அது கீழே குனிந்து கேட்டது.

“அண்ணே, உனக்கும் இதே தேதிதானே சொன்னாரு. நவம்பர் முப்பது எப்ப வரும்?”

“தெரியலை,” என்றது கீழ்க்கிளை. “எனக்கு இன்னும் வரலை.”